முட்டை அலர்ஜிக்கு ஓஐடி: வேலூர் பக்கம் யாராவது பிள்ளைக்குச் செய்திருக்கிறீர்களா?

காட்பாடிக்காரி

பையனுக்கு 6 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே முட்டை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் முட்டை வாங்குவதில்லை. போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் சிக்கன் 65 சாப்பிட்டான். கால்மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, விடாத இருமல். மசாலாவில் முட்டை உடைத்து ஊற்றியிருந்தார்களாம்.

இப்போது தோல் பரிசோதனை, ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) எல்லாம் மறுபடி பார்த்தாயிற்று. அளவு இறங்கவில்லை. டாக்டர் ஓஐடி என்கிறார். அதாவது துளியிலும் துளியாக முட்டையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உடம்பைப் பழக்குவது. பல மாதம் பிடிக்கும், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டும், வீட்டில் ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அத்தை "வளர்ந்தா தானா போயிடும்" என்கிறார். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அதனால் தினமும் கொடுக்கப்போவது நான்தான். செய்தவர்கள் இருந்தால் வீட்டில் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். இணையத்தில் எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறது.

வெட்டிக்கதை

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் முட்டையே கிடையாது. அந்தப் பிள்ளைகள் வளரவில்லையா? பருப்பு இருக்கிறது, பால் இருக்கிறது, சுண்டல் இருக்கிறது. முட்டையைத் தொடாமல் இருந்துவிட்டால் போகிறது. இதற்குப் போய் ஏன் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்?

காட்பாடிக்காரி

கோபமெல்லாம் இல்லை. நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தேன். ஆனால் முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளை தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டால் பாவம் மட்டும்தான், என் பையன் சாப்பிட்டால் எமர்ஜென்சி. பன் மேலே பளபளவென்று தடவுவது முட்டை. பப்ஸ் மேலும் அதுதான். சில கடையில் பரோட்டா மாவிலேயே உடைத்து ஊற்றுகிறார்கள். முட்டை போட்டுக் கொத்திய அதே கல்லில்தான் அடுத்த ஆளுக்குத் தோசை. கிரில் சிக்கனுக்கு மயோனைஸ் கேட்கவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸை அரசாங்கம் 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்ததே, அது கிருமிக்காக. எங்களுக்கு அது வேறு வகையில் நிம்மதியாக இருந்தது.

பாலாறு_அப்பா

குடியாத்தம் பக்கம். எங்கள் மகளுக்கு 5 வயது முடிந்ததும் ஆரம்பித்தோம், இப்போது 8 ஆகிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று இங்கே எழுத மாட்டேன். அதைக் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

முதல் நாளே டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். "இது ஆம்லெட் சாப்பிட வைக்கும் சிகிச்சை இல்லை. தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் ஆம்புலன்ஸ் தேவைப்படாத நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை." அந்த அளவோடு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டால் நிம்மதி. ஆம்லெட் வந்தால் அது போனஸ்.

ஆரம்பிக்கும் முன்பு எங்களிடம் முதலில் கேட்டது: "கேக் மாதிரி நன்றாக வெந்த முட்டையைப் பரிசோதித்துப் பார்த்தீர்களா?" ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மகளுக்கு அதுவே ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் ஓஐடி. உங்கள் பையனுக்கு இந்தச் சோதனை ஆகியிருக்கிறதா? நீங்கள் எழுதியதில் இல்லை.

முதல் நாள் காலையிலேயே வரச்சொல்லி, கையில் ஊசி லைன் போட்டு, வெள்ளைக்கருப் பொடியைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைத்துக் கொடுத்தார்கள். அரைமணிக்கு ஒருதரம் கொஞ்சம் ஏற்றினார்கள். எந்த அளவுவரை தாங்கினாளோ அந்த அளவை வீட்டில் தினமும் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருதரம் ஆஸ்பத்திரி. புதிய, பெரிய டோஸின் முதல் வேளை எப்போதும் அங்கேதான், டாக்டர் கண்முன்னால். அது முடிந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்ப வேண்டும். வீட்டில் நாமாக ஒரு சிட்டிகைகூட ஏற்றக்கூடாது. இதுதான் முழு முறையின் உயிர்.

வீட்டில் நாள் எப்படி என்று கேட்டீர்கள். மாலை டிபன் முடிந்து வயிறு நிறைந்த பிறகு டோஸ். வெறும் வயிற்றில் கொடுக்கவே கூடாது. கொடுத்து முடித்ததும் இரண்டு மணி நேரம் ஓட்டம், சைக்கிள், கயிறு தாண்டுதல், வெந்நீர்க் குளியல் எதுவும் கிடையாது. உடம்பு சூடாகி ரத்த ஓட்டம் ஏறினால், நேற்றுவரை சும்மா இருந்த அதே டோஸ் இன்றைக்குத் தடிப்பாக வெடிக்கும். எங்கள் ஊர் வெயிலில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. கத்திரி நாட்களில் கரண்ட் போய்விட்டால், சும்மா உட்கார்ந்திருந்தாலே பிள்ளைக்கு வேர்த்து ஊற்றும். டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த மாதங்களில் டோஸை வெயில் தாழ்ந்த பிறகு மாற்றிக்கொண்டோம். ஆனால் டோஸ் கொடுத்து உடனே படுக்கப் போடவும் கூடாது, தூக்கத்தில் ஆரம்பித்தால் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் கிடைக்கும். மொத்தக் குடும்பமும் அந்த இடைவெளியைச் சுற்றித்தான் சுற்றும்.

சோளிங்கர் மலை 1,305 படி. அங்கே போன நாளில் ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து, களைப்பாறி, சாப்பிட்ட பிறகுதான் கொடுத்தோம். மனைவியின் தங்கை "காலையிலேயே கொடுத்துட்டு வேலையை முடிச்சிட்டு வந்திருக்கலாமே" என்றாள். கொடுத்துவிட்டுப் படி ஏறுவதைவிட மோசமான யோசனை வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குப் புரியவைக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று.

காய்ச்சல், வாந்தி பேதி, வீசிங் வந்தால் என்ன செய்வது என்று எழுதிய தாள் ஒன்று தருவார்கள். எங்களுக்குக் காய்ச்சலில் டோஸை நிறுத்திவிட்டுப் போன் செய்யச் சொன்னார்கள். சிலருக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால் விட்ட அளவிலேயே திரும்ப ஆரம்பிக்கக்கூடாது. கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், பெரும்பாலும் கீழே இறக்கி ஆரம்பிப்பார்கள்.

வாய் அரிப்பு, தொண்டை கரகரப்பு, வயிற்று வலி இதெல்லாம் ஆரம்ப மாதங்களில் அடிக்கடி வந்தது. ஒருதரம் பெரிதாகவே வந்து ஊசி போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு மகளுக்குச் சளி பிடிக்க ஆரம்பித்திருந்தது, மறுநாள்தான் காய்ச்சல் வந்தது.

செலவைப் பற்றிச் சொன்னால், மருந்துக்கு ஆனதைவிடச் சம்பளம் போன நாட்களுக்கும் பஸ்ஸுக்கும்தான் அதிகம்.

கோட்டைவாசல்

எதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு? எங்கள் ஆயா காலத்தில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே நாக்கில் தடவித் தடவித்தான் பழக்குவார்கள். நாட்டுக்கோழி முட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஊசி மருந்து எதுவும் கிடையாது. இல்லையென்றால் காடை முட்டை. அலர்ஜியே வராது. வீட்டிலேயே ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.

மருந்துக்கடை_அண்ணன்

கோட்டைவாசல், உங்களிடம் வயதுக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பதிவை யாராவது நம்பிச் செய்தால் பிள்ளை போய்விடும். அதனால் நேராகவே சொல்கிறேன்.

அலர்ஜி வருவது கோழிக்குப் போட்ட ஊசியால் இல்லை, முட்டைக்குள் இயற்கையாகவே இருக்கும் புரதத்தால். நாட்டுக்கோழியானாலும் பண்ணைக்கோழியானாலும் அதே புரதம்தான். காடை, வாத்து முட்டையிலும் கிட்டத்தட்ட அதே ஜாடைப் புரதம் என்பதால் பலருக்கு அதற்கும் வரும். அப்புறம், நாக்கில் தடவுவது எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? நேற்றுத் தடவியதும் இன்றைக்குத் தடவியதும் பத்து மடங்கு வித்தியாசப்படலாம். பச்சை முட்டை வேறு, அவித்தது வேறு, கேக்கில் வெந்தது வேறு. ஒன்றைத் தாங்குகிறான் என்பதால் இன்னொன்றைத் தாங்குவான் என்று அர்த்தமில்லை. ஆயா செய்ததும் டாக்டர் செய்வதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். அளவும், பெரிய எதிர்வினையை அடக்கப் பக்கத்தில் தயாராக இருக்கும் அட்ரினலின் ஊசியும்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்.

அட்ரினலின் பற்றி மேடத்துக்கு. ஓஐடி செய்தாலும் செய்யாவிட்டாலும் இது வீட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பேனா மாதிரி தானியங்கி ஊசி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கடையில் போய்க் கேட்டவுடன் அது கிடைக்காது. இங்கே பெரும்பாலும் 1 மி.லி. ஆம்பியூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும்தான். ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். கணக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. 20 கிலோ பிள்ளை என்றால் 0.2 மி.லி. டாக்டரிடம் உங்கள் பையன் எடைக்கான அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற அதுவும் மாறும். ஆம்பியூல் உடைத்து அளவு எடுத்து, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் தசைக்குள் போடுவதை நர்ஸ் முன்னால் தண்ணீர் வைத்துப் பழகிவிட்டு வாருங்கள். இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். அதன் ஊசி குட்டை, தசைக்குப் போகாமல் தோலுக்கடியிலேயே நின்றுவிடும். எந்த சிரிஞ்ச், எந்த ஊசி என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது வெயில். இந்த மருந்தை 25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். நம் ஊரில் மே மாதம் பைக் சீட்டுக்கு அடியிலோ கார் டேஷ்போர்டிலோ வைத்தால் அது மருந்தாகவே இருக்காது. ஃப்ரீசரில் உறையவும் விடக்கூடாது. பிரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்து, வெளியே போகும்போது ஐஸோடு நேராக ஒட்டாத மாதிரி சின்னக் குளிர்ப்பையில் எடுத்துப் போகச் சொல்லித்தான் கொடுப்பேன். நிறம் மாறினாலோ உள்ளே துகள் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

செட்டிரிசின், அவில் எல்லாம் அரிப்பை அடக்கும். மூச்சுத்திணறலையோ பிரஷர் இறங்குவதையோ நிறுத்தாது. "முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. தடிப்போடு வாந்தி, இருமல், மயக்கம் என்று இரண்டாவது ஒன்று சேர்ந்தாலே ஊசி போட்டு, காலைத் தூக்கிப் படுக்கவைத்து, 108. மூச்சு வாங்கினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். 5 நிமிஷத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி, அதனால் எப்போதும் இரண்டு ஆம்பியூல். தேறிவிட்டான் என்று பாதியில் வீட்டுக்குத் திரும்பக்கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

கோட்டைவாசல்

சரி. காடை முட்டை விஷயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்டெத்து

குழந்தைகள் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே தனிப்பட்ட ஆலோசனை சொல்ல மாட்டேன், பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலாறு_அப்பா கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. வெள்ளைக்கருவில் முக்கியமான புரதங்கள் ஓவால்புமின், ஓவோமியூக்காய்டு. ஓவால்புமின் சூட்டில் உருக்குலையும். ஓவோமியூக்காய்டு சூட்டுக்கு எளிதில் மசியாது. முதலாவதற்கு மட்டும் அலர்ஜி உள்ள பிள்ளை, மாவோடு கலந்து 180 டிகிரியில் அரைமணி நேரம் வெந்த கேக்கைச் சாப்பிடும், ஆம்லெட்டைச் சாப்பிடாது. முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் இந்த வகை. அவர்களுக்குப் பெரும்பாலும் பொடி ஓஐடி வரை போக வேண்டிய தேவை இல்லை, வெந்த முட்டையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தே மேலே ஏறலாம். ஆனால் சிக்கன் 65 எண்ணெயில் சில நிமிஷம் பொரிவது. அதை வைத்துக் கேக் ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது. அந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, ஓஐடி எவ்வளவு பலிக்கும்? அதிகம் பேசப்படும் அமெரிக்க ஆய்வு 2012இல் வந்தது. 5 முதல் 11 வயதுவரை 55 பிள்ளைகள். 40 பேருக்கு முட்டைப் பொடி, 15 பேருக்கு முட்டை இல்லாத வெற்றுப் பொடி. ஏற்றி முடித்த பிறகு தினமும் கொடுக்கும் டோஸ் ஒரு முட்டையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 10 மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் முட்டை கொடுத்துப் பார்க்கும் சோதனையில் தேறினார்கள், வெற்றுப் பொடிக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. 22 மாதத்தில் 75 சதவீதம். இதுவரை நன்றாக இருக்கிறதா? பிறகு முட்டையையே 4 முதல் 6 வாரம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது தேறியது 28 சதவீதம் மட்டும். தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில் நான்காம் வருஷத்துக்குள் அது 50 சதவீதம் ஆயிற்று.

இதிலிருந்து தெரிவது, "தாங்குகிறான்" என்பது வேறு, "போய்விட்டது" என்பது வேறு. பலருக்குத் தாங்கும் சக்தி தினசரி டோஸை நம்பித்தான் நிற்கிறது. அதே ஆய்வில் முதல் 10 மாதத்தில் நாலில் ஒரு டோஸுக்கு ஏதாவது தொந்தரவு இருந்தது, பெரும்பாலும் வாய், தொண்டை அரிப்பு. பிறகு அது 8 சதவீதமாக இறங்கியது.

அத்தை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முட்டை அலர்ஜி நிறையப் பேருக்குப் பள்ளி வயதுக்குள் போய்விடும். 6 வயதிலும் ஐஜிஇ இறங்காமல், சிறு அளவுக்கே பெரிய எதிர்வினை வருகிறது என்றால், காத்திருந்தால் போகும் வாய்ப்பு குறைகிறது. ஐரோப்பிய அலர்ஜி அகாடமியின் 2018 வழிகாட்டுதலும் 4, 5 வயதுக்கு மேல் நீடிக்கும் அலர்ஜிக்குத்தான் இதைச் சொல்கிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லையென்றால் ஆரம்பிக்கவே கூடாது. பையனுக்கு வீசிங் உண்டா?

வாணியம்பாடி_வாப்பா

பாதியில் நிறுத்தியவர்களும் இருக்கிறோம், எங்கள் கதையும் இங்கே இருக்கட்டும்.

மகளுக்கு 10 வயதில் ஆரம்பித்தோம். முதல் சில மாதம் ஒன்றும் இல்லை. டோஸ் ஏறிய பிறகு அடிக்கடி வயிற்று வலி, வாந்தி, சோறு நெஞ்சில் நிற்கிறது என்பாள். தடிப்பு எதுவும் இல்லாததால் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் சொல்கிறாள் என்றுதான் வீட்டில் பேச்சு. டாக்டர் சந்தேகப்பட்டு எண்டோஸ்கோபி பார்க்கச் சொன்னார். உணவுக்குழாயில் ஈசினோஃபில் என்ற, அலர்ஜியில் கூடும் ஒரு வகை வெள்ளணுக்கள் சேர்ந்திருந்தன. ஓஐடியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இப்படி வருமாம். டோஸை நிறுத்தினார்கள், பிறகு சரியாகிவிட்டது. நாங்கள் இப்போது பழையபடி தவிர்ப்பதும் ஊசியும்தான். வருத்தம் ஒன்றும் இல்லை, செய்து பார்த்தோம், அவளுக்கு ஆகவில்லை.

ஒரு விஷயம், நம் ஜனங்களுக்கு உதவும். ரமலானில் மகள் நோன்பு பிடிக்க ஆசைப்பட்டாள். வெறும் வயிற்றில் டோஸ் ஆகாது என்பதால் இஃப்தாருக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டு, அப்புறம் டோஸ், அப்புறம் இரண்டு மணி நேரம் வீட்டிலேயே. நோன்பு மாதம் முழுவதும் டோஸை ஏற்ற வேண்டாம் என்றும் டாக்டரே சொல்லிவிட்டார். பண்டிகைக்கு முன்பே கேட்டுவையுங்கள்.

இங்கே பக்கத்தில் ஆம்பூர். கல்யாணம் என்றால் பிரியாணிதான். பிரியாணியில் முட்டை இல்லை என்று தைரியமாக உட்காருவோம், பக்கத்து அண்டாவில் அவித்த முட்டையை எடுத்த அதே கரண்டியால் பரிமாறுவார்கள். எங்கள் பிள்ளைக்கு முதலில் எடுத்து வைத்துவிடுங்கள் என்று சமைக்கும் பண்டாரியிடம் சொல்லிவைத்துவிடுவோம்.

வெட்டிக்கதை

பாருங்கள், நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்தும் பாதிப் பேருக்குத்தான் என்றால் இது என்ன கணக்கு?

பாலாறு_அப்பா

பாதிப் பேர் என்பது நிறுத்திய பிறகும் நின்ற கணக்கு சார். நிறுத்தாமல் கொடுக்கிறவர்களில் தேறியது அதைவிட அதிகம். எங்கள் மகள் இன்னும் வாரத்தில் பல நாள் அவித்த முட்டை கொஞ்சம் சாப்பிடுகிறாள். போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் யாரோ கொடுத்த கேக்கை முழுதாகத் தின்றுவிட்டு வந்து சொன்னாள். நாங்கள் ஊசிப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. எனக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் வாப்பா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தினமும் கொடுக்க ஒரு ஆள், அவர் இல்லாதபோது இன்னொரு ஆள், இரண்டு பேருக்கும் ஊசி போடத் தெரிய வேண்டும். இது இல்லாத வீட்டில் ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன். காட்பாடிக்காரி, நீங்கள் ஒருவரே என்று எழுதியிருந்தீர்கள். அத்தைக்கும் கற்றுக்கொடுங்கள். "தானா போயிடும்" என்று நினைக்கிறவர், உங்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் கூட ஊட்டிவிட்டால் அது இன்னொரு ஆபத்து.

சத்துணவு_டீச்சர்

அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்துப் பள்ளி. உங்கள் பையன் அரசுப் பள்ளியா, தனியாரா தெரியவில்லை. எங்களுக்குப் பள்ளி நாட்களில் தினமும் முட்டை வரும், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எங்கள் பள்ளியில் ஒரு பையனுக்கு இதே அலர்ஜி. பழம் கொடுத்துவிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று முதலில் எல்லோரும் இருந்தார்கள். அது அவ்வளவு எளிது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை முட்டை உரித்த கையால் இவன் தட்டைத் தொடும். சமைக்கும் அம்மா ஒரே கரண்டியை எல்லாவற்றுக்கும் போடுவார். மிளகு போட்டுப் பிரட்டிய முட்டை வாசம் வந்தால் "நானும் கொஞ்சம் தின்று பார்க்கிறேன்" என்று இவனே கேட்பான்.

நாங்கள் செய்தது: அவனுக்கு முதலில் பரிமாறுவது, தனித் தட்டு, சாப்பிட்டு முடித்த எல்லாப் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சானிட்டைசர் கிருமிக்குத்தான், முட்டைப் புரதம் கையிலேயே இருக்கும். பெற்றோர் எழுதிக் கொடுத்த கடிதம், டாக்டர் சீட்டு, ஊசி மூன்றும் தலைமையாசிரியர் அறையில் பூட்டாத அலமாரியில். பூட்டினால் சாவி தேடவே நேரம் போய்விடும்.

ஓஐடி செய்கிற பிள்ளை என்றால் பள்ளிக்கு அதையும் சொல்லுங்கள். காலையில் டோஸ் கொடுத்து அனுப்பிவிட்டால் முதல் பீரியடு பி.டி.யாக இருக்கும்.

காட்பாடிக்காரி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

கேக் சோதனை இதுவரை செய்யவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன், "ஓஐடிக்கு முன்பு அதைத்தான் முதலில் பார்ப்போம், அடுத்த வருகையில் பேசலாம் என்றிருந்தேன்" என்றார். தேதி வாங்கியாயிற்று. வீசிங் குளிர்காலத்தில் மட்டும் வரும், இன்ஹேலர் உண்டு. அதையும் சொன்னேன். முதலில் மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை, பிறகுதான் மற்றது என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, தங்கச்சிப் பாப்பாவுக்கு 5 மாதம். அண்ணனுக்கு இருப்பதால் இவளுக்கு ஒரு வயதுவரை முட்டை காட்டக்கூடாது என்கிறார்கள். சரியா? இரண்டு, பையனுக்குத் தடுப்பூசி எதுவும் விட்டுப்போகக்கூடாது. அதில் முட்டை இருக்கிறது என்று ஒருவர் பயமுறுத்தினார்.

ஸ்டெத்து

பாப்பாவுக்குத் தள்ளிப்போடுவது பழைய யோசனை, இப்போது எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஜப்பானில் 2017இல் வெளிவந்த ஆய்வில், தோலில் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருந்த குழந்தைகளுக்கு, தோலை நன்றாகக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, 6 மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைச் சிறு அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி அவர்களில் 8 சதவீதம், கொடுக்காதவர்களில் 38 சதவீதம். வேகவைத்தது என்பது முக்கியம், பச்சையோ அரைவேக்காடோ இல்லை. பாப்பாவுக்கு எக்ஸிமா இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டாலும் அண்ணன் கதையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அண்ணன் இருக்கும் இடத்தில் ஊட்டாமல் இருப்பதும், ஊட்டிய பிறகு கை, வாய், பாய் எல்லாம் துடைப்பதும் உங்கள் வீட்டுக்கான கூடுதல் வேலை.

தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியை முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கும் வழக்கம்போலப் போடலாம். ஃப்ளூ ஊசியும் அப்படித்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத்தான் தனி எச்சரிக்கை, அது ஆப்பிரிக்கப் பயணம் போனால் வரும் பேச்சு. நாய் கடித்தால் மட்டும் முட்டை அலர்ஜி என்று சொல்லிவிட்டு, கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கோழிக் கருவின் செல்லில் வளர்த்தது, வேறு செல்லில் வளர்த்தது என்று இரண்டு வகை உண்டு, அவர்கள் பார்த்துப் போடுவார்கள். அலர்ஜிக்குப் பயந்து ரேபிஸ் ஊசியைத் தவிர்ப்பது கூடவே கூடாது.

இதோடு ஒன்று. யாராவது "நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை" என்று விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவுக்கும் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வரும். அதை நம்பிப் பிள்ளையைப் பாதிச் சாப்பாட்டோடு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஐஜிஇ இல்லாமல் ஐஜிஜி என்ற வேறு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் வகை என்றால் அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மருந்துக்கடை_அண்ணன்

கேக் சோதனைக்குப் போகும் முன்பு செட்டிரிசின் மாதிரி மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சளி மருந்துக் கலவைகளிலும் அது ஒளிந்திருக்கும், பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்கு ஐபுரூஃபன் வகை வேண்டாம், பாராசிட்டமால் போதும். அந்த வலி மாத்திரைகள் சிலருக்கு எதிர்வினையைத் தூக்கிவிடும்.

காட்பாடிக்காரி

குறித்துக்கொண்டேன். கேக்கை நாங்களே செய்து கொண்டுவரச் சொன்னார்கள், அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஓவன் இல்லை. குக்கரில் உப்புப் போட்டுச் செய்தால் ஆகுமா? கடையில் வாங்கலாமா?

ஸ்டெத்து

கடைக் கேக்கில் எத்தனை முட்டை என்று யாருக்கும் தெரியாது, வேண்டாம். குக்கரில் சூடு எவ்வளவு என்று அளக்க முடியாது, நடுவில் ஈரமாக நின்றால் சோதனையே பாழ். ஓவன் உள்ள தெரிந்தவர் வீட்டில் செய்யுங்கள், நடுவில் குச்சி விட்டால் காய்ந்து வர வேண்டும்.

பாலாறு_அப்பா

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார், அவரிடம் அளவுத் தாளைக் கொடுத்துச் செய்து வாங்கினோம். வாழைப்பழம் மசித்துப் போட்டால் முட்டை வாடை தெரியாது, ஆனால் புதுப் பொருள் எதையும் சேர்க்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு ஓஐடிக்கே போனால் பொடியை எதில் கலப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எங்கள் மகள் தயிரில் துப்பினாள், ஆப்பிள் கூழில் துப்பினாள். கடைசியில் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் விட்ட ஒரு வாய் இட்லிக்குள் வைத்தபோதுதான் இறங்கியது. சூடான இட்லி வேண்டாம், ஆறியதில் வைக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வாயை முழுதாக விழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

காட்பாடிக்காரி

இட்லி என்றால் எங்கள் ஆள் ஒத்துக்கொள்வான். சோதனை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.